இடது பக்கம் ஓர் ஆள் இடம்

கீழே பார்க்காமல் நடக்க வேண்டுமாம். எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிற சூரியகாந்திப் பூவைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டுமாம், கால் எங்கே விழுகிறது என்று நினைக்கவே கூடாதாம். நினைக்காதே என்று ஒருத்தி சொன்ன பிறகு நினைக்காமல் இருக்க நான் என்ன சாமியாரா. "வீட்ல எப்படி நடப்பீங்களோ அப்படி நடங்கம்மா" என்கிறாள் நிலோஃபர், கால் வைத்தியத்துக்குப் படித்த பெண், என் மகள் வெண்ணிலாவைவிடச் சின்னவள், பேச்சில் மட்டும் பெரிய மனுஷி. வீட்டில் எப்படி நடப்பேன் என்று எனக்கு எப்படித் தெரியும், வீட்டில் நான் என்னைப் பார்த்துக்கொண்டா நடக்கிறேன், அடுப்புக்குப் போவேன், கொல்லைக்குப் போவேன், போய்ச் சேர்வதுதான் தெரியும். தரையில் கறுப்பாக நீளமாக ஒரு பாய் விரித்திருக்கிறார்கள், பாய் என்பது பேருக்குத்தான், உள்ளே முழுக்க மின்சாரம், மிதித்தால் பாதத்தில் எந்த இடம் எவ்வளவு அழுத்துகிறது என்று அங்கே கம்ப்யூட்டரில் வண்ண வண்ணமாகத் தெரியுமாம், அழுத்தம் அதிகமென்றால் சிவப்பு, குறைச்சல் என்றால் நீலம். ஆவணி பிறந்ததும் எனக்கு முட்டியில் ஆபரேஷன். வில்லாக வளைந்த இந்தக் கால் இத்தனை காலம் எப்படிப் பாரம் தூக்கிக்கொண்டிருந்தது என்று அதற்கு முன்னால் டாக்டருக்குத் தெரிய வேண்டுமாம். சத்துணவுக் கூடத்தில் அண்டா முன்னால் நின்று நின்று தூக்கியது, வேறெப்படி. ஆபரேஷன் முடிந்தால் கால் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும் என்று டாக்டர் சொன்னபோது என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஏனென்று இப்போதும் தெரியவில்லை. ஏசிக் குளிரில் தரை ஐஸாக இருக்கிறது, சூரியகாந்திக்கு ஒரு இதழ் உரிந்து தொங்குகிறது, நான் அதையே பார்த்துக்கொண்டு நடக்கிறேன், நடந்து முடித்துவிட்டேன், "திரும்ப வாங்கம்மா" என்கிறாள், "நடுவுல நடங்க, ஓரமாப் போறீங்க."

புடவையை அவிழ்க்கச் சொல்லி முட்டிவரை நிற்கிற ஒரு நீலக் கால்சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். இந்த வயசில் எனக்குக் கால்சட்டை. கால் தெரிய வேண்டுமாம். இந்தக் காலை இத்தனை வெளிச்சத்தில் நானே பார்த்ததில்லை, கட்டிக்கொண்டவர்கூட விளக்கை அணைத்த பிறகுதான். முழுசாகப் பார்த்தவள் ஒருத்திதான், என் தங்கச்சி பூங்காவனம், அவள் பார்த்தால் எனக்கு வெட்கம் கிடையாது, ஏனென்றால் அவளுக்கும் இதே கால். ஊர்த் தண்ணீர் அப்படி என்றார்கள் சிலபேர், அப்பா வழி என்றார்கள் சிலபேர், காரணம் எதுவானாலும் அம்மா வயிற்றிலிருந்து ரெண்டு பேரும் ஒரே அச்சில் வந்தோம், ரெண்டு முட்டியும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆளுக்கொரு திசை பார்க்கும். பென்னாகரம் ரோட்டில் பள்ளிக்கூடம் போகும்போது பையன்கள் பின்னாலேயே வந்து "நாய் பூந்து போற சந்து, நாய் பூந்து போற சந்து" என்று பாடுவார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அழுவேன். பூங்கா திரும்பி நின்று, "வள்" என்று குரைப்பாள். நிஜமாகவே குரைப்பாள், கழுத்து நரம்பு புடைக்க, ஒருநாள் ஒருவன் பயந்து சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தான். அவளோடு சேர்ந்து நடப்பதே ஒரு தனி வித்தை. எங்கள் மாதிரிக் கால்காரர்களுக்கு ஓர் அடி வைத்தால் உடம்பு அந்தப் பக்கம் சாயும், அடுத்த அடிக்கு இந்தப் பக்கம் சாயும், பக்கத்தில் இன்னொருத்தியும் அப்படியே சாய்ந்தால் தோளும் தோளும் மோதும். அதற்கு அவள்தான் வழி கண்டுபிடித்தாள், நான் வலது கால் வைத்தால் அவளும் வலது, நான் இடது வைத்தால் அவளும் இடது. ரெண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே பக்கம் நிமிர்வோம், மோதவே மாட்டோம். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அவளுக்கு எப்போதும் என் இடது பக்கம்தான். நடுவில் குறும்பு வந்தால் வேண்டுமென்றே காலை மாற்றி வைத்து என்னை இடிப்பாள், "ஏன்டி இடிக்கறே" என்றால் "நீ எங்க போயிட்டேன்னு பாத்தேன்க்கா" என்பாள். பக்கத்தில்தானே நடக்கிறேன், எங்கே போவேன். இப்போது அவள் எங்கே நடக்கிறாளோ, யார் தோளில் இடிக்கிறாளோ, எனக்குத் தெரியவில்லையே.

"அம்மா, நீங்க நடிக்கிறீங்க" என்கிறாள் நிலோஃபர். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். "எல்லாருமே மொதல்ல நடிப்பாங்க. யாரோ பாக்குறாங்கன்னு தெரிஞ்சா கால உள்ள திருப்பி வச்சு அழகா நடப்பாங்க. அதுல உங்க கால் எனக்குத் தெரியாது. சும்மா நடங்க." நான் என்ன வேண்டுமென்றா நடிக்கிறேன், இது பயிற்சி கொடுத்த நடை, பூங்கா கொடுத்த பயிற்சி. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பொண்ணை ரெண்டு நடை நடக்கச் சொல்வார்கள், நொண்டியா என்று பார்ப்பார்கள், அது அந்தக் காலத்து வழக்கம். அதற்கு முன்னால் ஒரு வாரம் அவள் என்னைப் பின்கட்டில் நடக்க வைத்தாள். பெருவிரலை உள்ளே திருப்பு, முட்டியை முட்டியோடு ஒட்டு, சின்னச் சின்னதாக வை, கையில் காபித் தட்டு இருக்கட்டும், தட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தால் மெதுவாகப் போவதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். பாவாடை தாவணியில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு வாத்தியாரம்மா மாதிரி அதட்டினாள். புடவையைத் தரை கூட்டும்படி தழையத் தழையக் கட்டிவிட்டாள். வந்தவர்களில் ஒரு அத்தை என்னைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ அடக்கமான நடை" என்று சொன்னாள் பாருங்கள், கதவுக்குப் பின்னால் பூங்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. வலியில் உயிர் போனது, முட்டி ரெண்டும் கழன்றுவிடும் போலிருந்தது, ஆனாலும் அந்தச் சத்தத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தட்டில் காபி தளும்பியது. அவள் முறை வந்தபோது அவள் எந்தப் பயிற்சியும் எடுக்கவில்லை. தன் நடையிலேயே தேர் மாதிரி ஆடி ஆடி நடந்து வந்து தட்டை வைத்தாள். மாப்பிள்ளை பஸ் கண்டக்டர், ஆடுகிற வண்டியில் நின்றே பழகினவர், சரி என்று சொல்லிவிட்டார். ஒளிக்காமல் நடந்தவளுக்கு ஒரு குறையும் வரவில்லை, ஒளித்து நடந்தவளுக்குக் கால்சட்டை போட்ட பிறகும் ஒளிப்பு போகவில்லை.

அந்த ஒளிக்காத குணம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. வெண்ணிலாவைப் பார்க்க ஒரு நல்ல இடத்திலிருந்து வந்திருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து பாக்கு வெற்றிலைக்கு நாள் குறிக்கிற நேரம், பூங்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எழுந்து நின்று சொன்னாள், "எங்க வீட்டுக் கால் இவளுக்கு வரலீங்க, நல்லாப் பாத்துக்கங்க, நேரா இருக்குது." நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று அடித்துச் சொல்ல நினைத்தாள். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் காலு?" என்று கேட்டாள். பூங்காவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், எங்கள் புடவை ஓரத்தைப் பார்த்தாள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். சேதி வந்த அன்று பூங்கா ஒன்றும் தெரியாமல் கத்திரிக்காய்ப் பையோடு வந்து நிற்கிறாள், என் வீட்டுக்காரர் எழுந்து, "இனிமே இந்த வாசல மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். கோபம் எனக்கும்தான் இருந்தது, இல்லாமல் என்ன, பெண்ணைப் பெற்றவள் நான். பூங்கா என்னைத்தான் பார்த்தாள். அப்புறம் பையை வாசற்படியில் வைத்தாள், செருப்பை மாட்டினாள், போனாள். ஜன்னல் வழியாக நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பஸ் ஸ்டாப் திரும்புகிற வரைக்கும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து போனாள், என்னை நானே பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. வெண்ணிலாவுக்கு அப்புறம் அதைவிட நல்ல இடம் அமைந்தது, பேரப்பிள்ளையும் பிறந்தாகிவிட்டது, கோபத்துக்கு இனிமேல் சாப்பிட ஒன்றுமில்லை. ஆனால் அவள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. போன் நம்பர் என்னிடம் இருக்கிறது, என் நம்பர் அவளிடம் இருக்கிறது, ரெண்டு நம்பரும் இத்தனை வருஷமாக ஊமையாக உட்கார்ந்திருக்கின்றன.

"இடது கால் எப்பல இருந்தும்மா வலிக்குது?" என்று நிலோஃபர் கேட்கிறாள். "வைகாசிலருந்து" என்கிறேன். எனக்கு வலி எப்போதும் வலது முட்டியில்தான், இடது காலும் வலிக்க ஆரம்பித்தது வைகாசியில், பூங்கா குடியிருக்கிற தருமபுரியில் எங்கள் சித்தப்பா பேரன் கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகு. அந்தக் கல்யாணத்தைப் பற்றி நான் இவளிடம் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து கண் பூங்காவைத்தான் தேடியது. பந்தியில் தேடினேன், மணமேடைப் பக்கம் தேடினேன், கைகழுவுகிற இடத்தில்கூட எட்டிப் பார்த்தேன். சித்தப்பா மருமகள் தனபாக்கியத்திடம் கேட்டேன், "அவ வரலீங்கக்கா" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். சரி என்று கிளம்பினேன். மண்டப வாசலில் செருப்பு மலை. என்னுடையது கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு, முட்டி வலிக்காரர்களுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது, கிடந்ததில் காலை விட்டேன், சரியாக இருந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் கழுவும்போதுதான் பார்க்கிறேன், என் செருப்பில் வார் அறுந்து வெள்ளை நூலில் தைத்திருப்பேன், இதில் தையலே இல்லை. யாருடைய செருப்போ இது. மற்றவர் செருப்பென்றால் போட்ட நிமிஷமே கால் காட்டிக்கொடுத்துவிடும், சந்தைக்குப் போய் ஒருதரம் மாற்றிப் போட்டு நாலு அடி வைப்பதற்குள் திரும்பி ஓடியிருக்கிறேன். இதில் கால் ஒன்றுமே சொல்லவில்லை. குதிகாலில் வெளி ஓரம், சுண்டுவிரல் பக்கம், நான் தேய்க்கிற அதே இடத்தில் தேய்ந்து சரிந்திருந்தது, என் பாதம் அந்தச் சரிவில் போய் வழக்கம்போல உட்கார்ந்துகொண்டது. இந்த உலகத்தில் என்னை மாதிரி செருப்பைத் தேய்க்க வேறு யார் இருக்கிறார்கள். வந்திருக்கிறாள். ஏதோ ஒரு தூணுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்திருக்கிறாள், தனபாக்கியத்திடம் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறாள். குழாயடியில் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அன்றிலிருந்து அதைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறேன், கடைக்கும் கோயிலுக்கும் அதுதான், அவள் குழித்து வைத்த இடத்தில் என் கால் போய் உட்காரும்போதெல்லாம் எனக்கு அவள் வேண்டும் போலிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து கால் நேராகிவிட்டால் இந்தக் குழியில் கால் உட்காராது. பிறகு அவள் என்னைப் பின்னாலிருந்து பார்த்தாலும் யாரோ ஒருத்தி போகிறாள் என்றுதான் நினைப்பாள். டாக்டர் சொன்னது பிடிக்காமல் போனது இதனால்தான், இப்போது தெரிகிறது, கத்தி வைப்பதற்குப் பயமில்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் அவளோடு இந்த நடையில் நடக்க வேண்டும், வலதுக்கு வலது, இடதுக்கு இடது.

"சூப்பர்ம்மா! இதுதான், இதுதான்" என்று நிலோஃபர் கைதட்டுகிறாள். நான் எப்போது நடந்தேன், எப்போது சூரியகாந்தியிடம் வந்து சேர்ந்தேன், எனக்கே தெரியவில்லை. "இப்பத்தான் உங்க நடை வந்துச்சு. ஆனா ஏம்மா பாயோட வலது ஓரத்துலயே நடக்கிறீங்க? எல்லாத் தடவையும் அப்படித்தான். இடது பக்கம் இன்னொரு ஆள் நடக்கலாம் போல இருக்கு." திரும்பிப் பார்க்கிறேன். கறுப்புப் பாய் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது, என் வியர்த்த பாதத்தின் சுவடு வலது ஓரத்தில் மங்கிக்கொண்டு போகிறது, இடது பக்கம் அத்தனை அகலமும் சும்மா கிடக்கிறது. தெருவில்கூட நான் இப்படித்தான் சுவரோடு உரசிக்கொண்டு நடக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் திட்டுவார், நடுவில் நடந்தால் என்ன உன்னை யாராவது பிடித்தா தின்றுவிடுவார்கள் என்பார். பள்ளிக்கூடம் போன வயசிலிருந்து விட்ட இடம் இது. அவள் போன பிறகும் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். நான் திரும்பி நடக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன், அந்தப் பெண் பயந்துபோய் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். ரெண்டு பாதம், வலது பாதத்தில் ஓரமெல்லாம் சிவப்பு. "வலது பாருங்க, எவ்ளோ சிவப்பு. முட்டி வெளிப்பக்கம் வளைஞ்சிருக்கறதால பாரம் முழுக்க இந்த ஓரத்துல எறங்குது. இடது கால் பரவால்ல, மஞ்சள்தான். நீங்க சொன்ன அளவுக்கு இடதுல ஒண்ணும் இல்லையே. தினம் போடுற செருப்பக் கொண்டுவரச் சொன்னேனே, குடுங்க." பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தாள், விரலால் ஓரத்தைத் தடவினாள், நெற்றியைச் சுருக்கினாள், ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தாள். "அம்மா, இது உங்க செருப்பா?" நான் பையின் வாயை மடித்துக்கொண்டிருந்தேன். "வலது ஓரளவு சரியா இருக்கு. இடது பாருங்க, வெளி ஓரம் அட்டை மாதிரி ஆயிருச்சு, அடியில துணியே தெரியுது. முன்னால நுனியும் உராஞ்சிருக்கு, இந்தக் காலத் தூக்க முடியாம இழுத்து இழுத்து நடக்குறாங்க. இதப் போட்டு நடந்ததாலதான் உங்களுக்கு இடதுல வலி வந்திருக்கு. அது உங்க வலியே இல்லம்மா." செருப்பை என் மடியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள், "இது யாரோடதோ, உங்களுக்கு முன்னாடி அவங்களத்தான் இங்க கூட்டிட்டு வந்திருக்கணும். ரொம்பக் கஷ்டப்படுறாங்க."

நான் அந்த நுனியைத் தடவிப் பார்த்தேன். மாசக்கணக்காகக் கையில் எடுத்துக் கழுவியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், என் காலை அவள் குழியில் வைத்து உருகியிருக்கிறேன், அவள் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தேர் மாதிரி ஆடிக்கொண்டு வந்தவள். கல்யாண மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் நின்றது கோபத்தில் இல்லையோ என்னவோ, என் கண் முன்னால் நொண்டிக்கொண்டு வர மனசில்லாமல் நின்றிருப்பாள், அப்படித்தான் இருக்கும், ஒளிக்காதவள் முதல்தரமாக ஒளித்திருக்கிறாள், அதுவும் என்னிடம். என் வீட்டுக்காரர் என்ன சொன்னார், இந்த வாசலை மிதிக்காதே என்றார். அவள் வாசலை நான் மிதிக்கக் கூடாது என்று யார் சொன்னார்கள். யாருமே சொல்லவில்லையே. இது ஏன் எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை, மடச்சி, மடச்சி. பையில் போனைத் தேடினேன், கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை, நிலோஃபரிடம் நீட்டி, "பூங்கான்னு இருக்கும், போட்டுக் குடு கண்ணு" என்றேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன், எடுத்துவிட்டாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

"இடது கால் எப்படிடி இருக்குது?" என்று கேட்டேன்.

"உனக்கு யாருக்கா சொன்னா?" என்றாள், குரல் உடைந்துபோய். "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலயே. அவருக்கே தெரியாதேக்கா."

"உன் செருப்பு எங்கிட்டதான் இருக்குது."

"தெரியும். வெள்ளைத் தையலு இங்க இருக்குது." மூக்கை உறிஞ்சினாள். "அதப் போட்டுக்கிட்டா வலி கொஞ்சம் தேவலாம் போல இருக்குது. அதான் குடுத்தனுப்பல."

"கழட்டாத. போட்டுக்கிட்டே இரு. நான் இப்பவே கெளம்பி வர்றேன்."

"இங்கயா?"

"வேற எங்கடி?"

புடவையைக் கட்டிக்கொண்டேன், தழைய இல்லை, கரண்டைக்காலுக்கு மேலேயே நிற்கும்படி கட்டினேன். அடுத்த தடவை ரெண்டு பேராக வருவோம், பாயைப் பெரிசாகப் போட்டு வை என்று நிலோஃபரிடம் சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கீழே வீட்டுக்காரர் டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருப்பார், தருமபுரி பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும், முறைப்பார், முறைக்கட்டும். மாடிப்படியில் கைப்பிடி இடது பக்கம் இருந்தது. நான் வலது ஓரமாகவே சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.